பழக்குவதும் ஒரு தொழில்தான்: மலையகப் பாடசாலை அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். நான் ஹட்டன் கல்வி வலயத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. கூடைப்பந்தும் வலைப்பந்தும் பழக்குகிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, நாவலப்பிட்டி, பண்டாரவளை, பதுளை என்று மலையகத்தில் பாடசாலை நடத்துகிற, பாடசாலைக்குக் கைகொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது ஒரு தொழில். அதற்குச் சம்பளமும் வீடும் விசாவும் கொடுத்துக் கூப்பிடுகிற நாடுகள் இருக்கின்றன. அந்தத் தொழிலுக்கான முதல் படியை நம் பாடசாலைகளிலேயே நம் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் வளைகுடாவில் ஒரு சர்வதேசப் பாடசாலையின் உள்ளரங்கைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறான். தரையைத் துடைப்பது, பந்துகளை எண்ணி அடுக்குவது, இரவில் விளக்கை அணைத்துப் பூட்டுவது. அங்கே கூடைப்பந்து பழக்குகிறவர் பிலிப்பைன்ஸ்காரர். அண்மையில் பேசும்போது சொன்னான்: "அவரு என்னைவிடக் குட்டை டீச்சர். பெரிய பிளேயரா இருந்தவரும் இல்லயாம். ஆனா அவரு சொன்னா பிள்ளைங்க கேக்குதுங்க. வீடு குடுத்திருக்காங்க, குடும்பத்தையும் கூட்டிட்டு வந்திட்டாரு. அவரு என்ன படிச்சாரு டீச்சர்? கையில என்ன பேப்பர் வச்சிருக்காரு?"

இவன் எங்கள் அணியில் பந்தை நடத்திப்போனவன். எதிரணி அடுத்து என்ன செய்யப்போகிறது என்று அவனைப்போல் முன்கூட்டியே சொல்கிற பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை. துடைக்கிற வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காசில்தான் அவன் தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். ஆனால் அந்த அரங்கில் விசிலோடு நிற்கிறவருக்கும் இவனுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பயிற்சிநெறி, ஒரு சான்றிதழ், ஒழுங்காக எழுதிய ஒரு சேவைக் கடிதம். இந்த மூன்றையும் அவன் ஊரைவிட்டுப் போகுமுன் நாங்கள் கொடுத்திருக்க முடியும்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அதனால் சில பேருடைய கதையைச் சொல்கிறேன்.

நிக் நர்ஸ் ஒரு கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர், அமெரிக்காவின் அயோவாக்காரர். பல்கலைக்கழக மட்டத்தோடு அவருடைய பெரிய ஆட்டம் முடிந்துவிட்டது. 1990இல், 23 வயதில், இங்கிலாந்தின் டார்பி நகரத்து அணிக்கு விளையாடிக்கொண்டே பழக்குகிறவராகப் போனார். இங்கிலாந்தில் கூடைப்பந்து பெரிய விளையாட்டே இல்லை. பார்க்க வருகிறவர்களும் குறைவு, காசும் குறைவு. பிறகு பர்மிங்ஹாம், பெல்ஜியத்தில் ஒஸ்டெண்ட், மான்செஸ்டர், லண்டன், பிரைட்டன் என்று ஊர் ஊராக மாறினார். 1996இல் பர்மிங்ஹாமுக்கும் 2000இல் மான்செஸ்டருக்கும் பிரித்தானிய லீக்கை வென்று கொடுத்தார். அமெரிக்காவுக்குத் திரும்பியும் நேராக மேலே போகவில்லை. அமெரிக்காவின் முதல்தரக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.க்குக் கீழே இருக்கும் லீக்கில் 2011இலும் 2013இலும் வெவ்வேறு அணிகளோடு கிண்ணம் எடுத்தார். அதன் பிறகுதான் டொரொன்டோவில் உதவிப் பயிற்றுவிப்பாளர் வேலை. 2018இல் தலைமைப் பயிற்றுவிப்பாளர், 2019இல் என்.பி.ஏ. சாம்பியன். டார்பியிலிருந்து அந்தக் கிண்ணம் வரை ஏறக்குறைய முப்பது வருடம். அதில் பெரும்பகுதி யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன அரங்குகளில் கழிந்தது. அந்த வருடங்களில்தான் அவர் தொழிலைப் படித்தார் என்பது என் எண்ணம்.

செர்பியாவின் ஷெல்கோ ஒப்ரதோவிச் 1991இல் விளையாடுவதை விட்டு அந்த வருடமே பழக்க வந்தவர். 1992இல் பெல்கிரேட்டின் பார்ட்டிசான் அணியோடு ஐரோப்பியக் கழகக் கிண்ணத்தை எடுத்தார். பிறகு ஸ்பெயின், கிரேக்கம், துருக்கி. ஐந்து கழகங்களோடு ஒன்பது ஐரோப்பியக் கிண்ணங்கள் அவர் பெயரில் இருக்கின்றன.

எனக்கு நெருக்கமாகப் படுகிறவர் சாண்டி பிரொன்டெல்லோ. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மக்கை நகரத்துப் பக்கம், கரும்புப் பண்ணையில் வளர்ந்த பெண். நாட்டுக்காக விளையாடி ஒலிம்பிக் பதக்கங்கள் எடுத்தார், பிறகு அமெரிக்காவில் பழக்கப் போனார். 2014இல் பீனிக்ஸ் அணியோடும் 2024இல் நியூயோர்க் அணியோடும் அமெரிக்கப் பெண்கள் லீக்கை வென்றார். பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கிற பெற்றோருக்கு நான் காட்டுவது இவருடைய படத்தைத்தான். தோட்டத்திலே வளர்ந்த பிள்ளை என்று சொன்னால் நம் அம்மாமார் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். முத்தையா முரளிதரனை 800 விக்கெட்டுக்காக எல்லோருக்கும் தெரியும். கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். விளையாடி முடித்த பின் அவர் என்ன செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 2014இல் அவுஸ்திரேலிய அணிக்குச் சுழற்பந்து ஆலோசகரானார். 2015இல் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் ஆடுகிற ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளரானார். 2016இல் அவுஸ்திரேலியா இலங்கைக்கு விளையாட வந்தபோது அந்த அணியின் பக்கம் நின்று வேலை செய்தார். சொந்த நாட்டுக்கு எதிராகவா என்று சர்ச்சை எழுந்தது. அது தொழில், தெரிந்ததை விலைக்குச் சொல்லிக்கொடுக்கிற தொழில், என்று நம் ஊரில் ஒருவராவது மேடை போட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய பந்துவீச்சுக்குக் கைதட்டிய நாங்கள் அவர் காட்டிய இரண்டாவது வழியைக் கவனிக்கவில்லை.

இனி உயரம் பற்றி. கூடைப்பந்து என்றதும் முதலில் வருகிற பேச்சு இதுதான். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர். நம் பிள்ளைகள் கட்டை. ஏன் கட்டை என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம், தோட்டப்பகுதியில் 31.7 வீதம். இது பரம்பரையில் வந்ததென்று சொல்லித் தப்ப முடியாது. கர்ப்பிணித் தாய் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியதும், தேநீரும் ரொட்டியுமே காலைச் சாப்பாடு என்று இருந்ததும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. இந்த அநியாயத்தைத் தனியாகப் பேச வேண்டும், பேசத்தான் வேண்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி இந்த விளையாட்டிலிருந்தே பிள்ளைகளை ஒதுக்குவது இரண்டாவது தண்டனை.

ஜப்பான் பெண்கள் அணியைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் குறைந்த அணிகளில் அதுவும் ஒன்று. 2021 ஓகஸ்டில் இறுதியாட்டம் வரை வந்து, அமெரிக்காவிடம் 90-75 என்று தோற்று, வெள்ளிப் பதக்கம் எடுத்தது. வளையத்துக்கடியில் முட்டி மோத உயரம் போதாது என்று தெரிந்ததால் தூரத்திலிருந்து எறியப் பழகினார்கள், ஓய்வில்லாமல் ஓடினார்கள். அதைப் பழக்கியவர் டொம் ஹோவாஸ், அமெரிக்கர். ஜப்பானில் விளையாடப் போய், மொழியைப் படித்து, பிறகு அங்கே பழக்க வந்து, வீராங்கனைகளிடம் ஜப்பானிய மொழியிலேயே பேசியவர். பிறகு ஆண்கள் அணியையும் எடுத்தார். 2023 உலகக் கிண்ணத்தில் அந்த அணி ஆசிய நாடுகளில் முன்னுக்கு வந்து பரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

மொழி இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய மூலதனம் என்பதை ஒரு டைம்-அவுட்டில், ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்றுவிப்பாளர் பேசுகிற நேரத்தில், பார்க்கலாம். சர்வதேச விதிப்படி அது ஒரு நிமிடம்தான். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிற ஐந்து பேருக்கு, அரங்கமே கத்திக்கொண்டிருக்கும்போது, யார் யாரைப் பிடிப்பது, பந்து யாரிடம் போக வேண்டும், மிச்சம் இருக்கிற வினாடியில் என்ன செய்வது என்று சொல்லி முடிக்க வேண்டும். அவர்களில் ஒரு பிள்ளைக்குத் திட்டினால்தான் ஏறும், இன்னொரு பிள்ளைக்குத் திட்டினால் கை நடுங்கும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களம், பாடசாலையில் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவே வளர்கிறார்கள். வளைகுடாவுக்குப் போனால் ஒரு வருடத்தில் ஹிந்தியும் கொஞ்சம் அரபும் பேசிவிடுகிறார்கள். இந்தத் திறமையைக் கடை முதலாளிகளும் ஏஜென்சிக்காரர்களும் கண்டுகொண்டார்கள். பாடசாலை மட்டும்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கோர்ட் திறந்தவெளிச் சீமெந்துத் தரை. மே மாதம் மழை தொடங்கினால் பாசி பிடிக்கும். பயிற்சிக்கு முன் பிள்ளைகளே பிளீச்சிங் பவுடர் தூவி, விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள். ஒரு பலகையில் வளையத்துக்கு வலை இல்லை. பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் பந்து நனைந்து கையில் நிற்காது. அணியில் ஒரு பிள்ளை முழங்கால் வலியால் ஓட முடியாமல் போனாள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அரைக் கோர்ட்டை அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தாள். யார் எந்த இடத்திலிருந்து எறிகிறார்களோ அந்த இடத்தில், விழுந்தால் வட்டம், விழாவிட்டால் புள்ளடி.

வலயப் போட்டி ஒன்றில் இடைவேளையில் அந்தக் கொப்பியை என் முன்னால் நீட்டினாள். "டீச்சர், அவங்க ஏழாம் நம்பர் வலப்பக்கமா மட்டுந்தான் உடைச்சிக்கிட்டுப் போகுது. இடது கை வராது. இந்தப் பக்கம் தள்ளி விட்டா பந்தக் குடுத்துரும்." கொப்பியைப் பார்த்தேன். ஏழாம் இலக்கத்துக்கு எதிரே இருந்த வட்டமெல்லாம் வலப்பக்கத்தில்தான் இருந்தன. எங்கள் காவல்காரியை அரை அடி நகர்ந்து ஏழாம் இலக்கத்தின் வலப்பக்கத்தை அடைத்து நிற்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை இடப்பக்கம் திரும்பியபோதெல்லாம் பந்து காலில் பட்டு வெளியே போனது. பெரிய கழகங்களில் இந்த ஒரு வேலைக்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். எதிரணியின் ஆட்டங்களை வீடியோவில் பார்த்து, குறித்து, தலைமைப் பயிற்றுவிப்பாளருக்குச் சொல்வது அவர்கள் வேலை. பல பேர் இந்தத் தொழிலுக்குள் வந்ததே இந்தக் கதவு வழியாகத்தான். என் மாணவி எந்தப் பயிற்சியும் இல்லாமல், தானாகவே அந்தக் கதவடிக்கு வந்து நின்றாள். உயர்தரம் முடிந்தது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இன்று கொழும்பில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறாள், அந்த முழங்காலோடு.

அந்தப் பிள்ளைக்கு எங்கள் பாடசாலையில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். பதக்கம் வாங்குகிற பிள்ளைக்குத்தான் நாங்கள் இடம் வைத்திருக்கிறோம். கொப்பி எழுதுகிற பிள்ளை, சின்னவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை, சண்டை வந்தால் இடையில் புகுந்து விலக்கிவிடுகிற பிள்ளை ஆகியோரைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. நல்ல பயிற்றுவிப்பாளர்கள் இவர்களிலிருந்துதான் வருவார்கள்.

இந்தத் தொழிலில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் பழக்குகிறவரின் வேலை பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்ற ஒப்பந்தம்தான். வென்றுகொண்டிருக்கும்போதும் அனுப்பிவிடுவார்கள். டேவிட் பிளட் அமெரிக்காவில் பிறந்து இஸ்ரேலில் வாழ்க்கை அமைத்துக்கொண்டவர். ரஷ்யாவின் தேசிய அணிக்கு 2007இல் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான கிண்ணமும் 2012 லண்டனில் ஒலிம்பிக் வெண்கலமும் எடுத்துக் கொடுத்தார். 2014இல் மக்கபி டெல் அவிவோடு ஐரோப்பியக் கழகக் கிண்ணத்தை வென்ற கையோடு கிளீவ்லண்ட் அணி கூப்பிட்டது. முதல் பருவத்திலேயே என்.பி.ஏ. இறுதிக்குக் கொண்டுபோனார். 2016 ஜனவரியில் 30 வெற்றி, 11 தோல்வி என்று இருந்தபோது வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே பருவ முடிவில் அந்த அணி கிண்ணம் எடுத்தது. இப்படியும் நடக்கும். பிள்ளைகளைத் தயார்படுத்தும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. கங்காணி காலத்தில் கடன் எழுதிய ஒரு துண்டு ஒரு குடும்பத்தையே தோட்டத்தோடு கட்டிவைத்தது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல்தான். பிறகு 1948இல் எங்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம், 1964இல் இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசுகள் எங்கள் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். இப்போது ஏஜென்சிக்காரர் நீட்டுகிற பேப்பர். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட கதைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றன. கூடைப்பந்துத் தொழிலில் இதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. ஜெனீவாவில் கூடைப்பந்து நடுவர் மன்றம் ஒன்று 2007இலிருந்து இயங்குகிறது. சம்பளம் தராத கழகத்துக்கு எதிராக வீரரும் பயிற்றுவிப்பாளரும் அங்கே வழக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பிணக்கு வந்தால் அந்த மன்றத்துக்குப் போவோம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தெரிந்த பிள்ளையாக நம் பிள்ளை விமானம் ஏறட்டும். பழைய மாணவர் சங்கங்களில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை வந்து, ஒரு ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்று உயர்தர மாணவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கூடைப்பந்து பழகாத பிள்ளைக்கும் அது உதவும்.

மைதானம் இல்லை என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். மலையில் சமதரை கிடைப்பது கடினம். உதைபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் நூறு மீற்றருக்கு மேல் வெட்டி நிரப்ப வேண்டும். கூடைப்பந்துக் கோர்ட் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். சுற்றிவர இரண்டு மீற்றர் விட்டாலும் ஏறக்குறைய 24 பேர்ச்சில் அடங்கிவிடும். தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் கொடுத்தார்களே, அப்படி மூன்றரைத் துண்டு. நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: சரிவை வெட்டுவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நன்கொடையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக மேலே இருக்கிற லயத்துக்கடியில் மண்ணை இழக்க முடியாது.

காசு பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் போராடிப் பெற்ற நாட்சம்பளத்தில், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற இடத்தில், ஒரு சோடி விளையாட்டுச் சப்பாத்து என்பது பெற்றோருக்குப் பெரிய செலவு. இதனால்தான் பழக்குகிற வேலையைச் சம்பளம் கிடைக்கிற வேலையாகவே பிள்ளையின் கண்ணில் காட்ட வேண்டும் என்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். உயர்தரத்துக்குப் பிறகு இன்னும் நீளமான இடைவெளி. கொழும்புக் கடைக்காரர்கள் ஆள் பிடிக்க வருவது அந்தக் காலத்தில்தான். அதே காலத்தில் பாடசாலை ஒன்றுக்கு இரண்டு பேரை, ஒரு பெண் ஒரு ஆண், உதவிப் பயிற்றுவிப்பாளராக எடுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் மூன்று பின்னேரம் அவர்கள் பழக்கட்டும். கடைசி பஸ்ஸுக்கு முன் பயிற்சி முடியட்டும், இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். உதவித்தொகையைப் பழைய மாணவர் சங்கம் கொடுக்கட்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் வளைகுடாவிலும் கொழும்பிலும் இருக்கிற நீங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் போடுகிற காசில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

அடுத்தது படிப்பு. சர்வதேச அளவில் பயிற்றுவிப்பாளர் கைநூல் மூன்று நிலைகளில் இருக்கிறது. உலகக் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர் சங்கம் வெளியிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நிலையைத் தமிழில் கொண்டுவர நம் ஆங்கில ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்தால் முடியும். என் பங்கு நான் செய்வேன். சான்றிதழோடு கூடிய ஆரம்பநிலைப் பயிற்சிநெறியை ஹட்டனிலும் பதுளையிலும் தமிழில் நடத்தித் தரும்படி இலங்கைக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்திடமும் விளையாட்டுத்துறை அமைச்சிடமும் மத்திய, ஊவா மாகாணங்களின் தமிழ்ப் பாடசாலைகள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்க வேண்டும். தனித்தனியாக எழுதினால் அது ஒரு ஆசிரியையின் விண்ணப்பமாகவே கோப்பில் கிடக்கும். ஐம்பது அதிபர்கள் கையெழுத்திட்டால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடத்தை விடுமுறையில் தந்தால், தோட்டத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் வசதியாக இருக்கும்.

பெரிய ஊர்களிலிருந்து ஒருவர் வந்துதான் நமக்குப் பழக்க வேண்டும் என்பதில்லை. வந்தால் வரவேற்போம். இந்தியாவுக்கு ஸ்கொட் பிளெமிங் என்ற அமெரிக்கர் வந்து பழக்கிய காலத்தில்தான், 2014 ஜூலையில் வூஹானில், இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று வென்றது. அப்படி ஒருவர் வந்து போகும்போது அவர் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ள நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரோடு எல்லாம் போய்விடும்.

அதிபர்களிடம் தனியாக இன்னொன்று. இதற்குக் காசு தேவையில்லை, அனுமதி தேவையில்லை. நற்சான்றிதழில் "விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர், நல்லொழுக்கம் உடையவர்" என்று ஒரே வசனத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்கிறோம். வெளிநாட்டில் ஒரு பாடசாலையோ கழகமோ அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் கேட்பது வேறு. எந்த வயதுப் பிரிவைப் பழக்கினார், ஆண்களா பெண்களா, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி, அணி எந்த மட்டப் போட்டிவரை போனது, முதலுதவி தெரியுமா, பிள்ளைகளின் பாதுகாப்பில் அவரை நம்பலாமா, விசாரிக்க யாரை எந்த இலக்கத்தில் கூப்பிடலாம். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பாடசாலை முத்திரையோடும் திகதியோடும் அதிபரின் கையெழுத்தோடும் கொடுத்தால் அது எந்த நாட்டிலும் பெறுமதியான பேப்பர்.

அந்தக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வலய உடற்கல்வி ஆசிரியர் கூட்டத்துக்குப் பிரதிகளைக் கொண்டுவருவேன். கூட்டுக் கடிதத்தின் வரைபும் அன்றே மேசையில் இருக்கும். உங்கள் பாடசாலையிலிருந்து வருகிற ஆசிரியரிடம் கையெழுத்திடும் அதிகாரத்தைக் கொடுத்து அனுப்புங்கள். கடந்த மூன்று வருடத்தில் உங்கள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய பழைய மாணவர்களின் பெயர்ப்பட்டியலும் அவர் கையில் இருக்கட்டும். அவர்களுக்குரிய கடிதங்களை முதலில் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
ஹட்டன் வலயத்து உடற்கல்வி ஆசிரியை